பூசையில் இருந்த மண்வெட்டியும் சேற்றில் இருந்த ஜீப்பும்

சேற்றில் சிக்காத வாகனம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை என் மைத்துனன் வாயால்தான் முதலில் கேட்டேன். அது சிக்கிக்கொண்டதையும் என் வீட்டு வாசலில்தான் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் போயிருந்தால் அதிகம்.

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில், காப்பிக்கடையில் உட்கார்ந்தால் மெர்டேக்கா என்கிற சுதந்திரப் பேச்சு, கோயிலுக்குப் போனால் மெர்டேக்கா பேச்சு, பிணம் எடுக்கப் போன இடத்திலும் மெர்டேக்கா பேச்சு. என் மைத்துனன் ஒருவன்தான் அதில் கலந்துகொள்ளவில்லை. அவன் ஜீப் பேசினான்.

அவன் என் மனைவியின் தம்பி. செங் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் ஜீப் காடியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தவன். பழைய டிரைவர் ஊருக்குக் கப்பல் ஏறிவிட, துரை இவனைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓட்டிப் பார், காடியில் ஒரு குறை வந்தாலும், சொன்ன நேரத்துக்கு ஒருநாள் வராமல் போனாலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவேண்டியதுதான் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து இவனுக்குத் தரையில் கால் படவில்லை.

"சாதாரண காடியில ரெண்டு சக்கரம்தான் மச்சான் இழுக்கும். மத்த ரெண்டும் சும்மா கூட ஓடும், உங்க கோயில் கமிட்டி மாதிரி. இதுல நாலும் இழுக்கும். சேறு, சகதி, ஆறு, எதுவும் இதுக்குக் கெடையாது."

நானும் அந்தக் கமிட்டியில் இருந்தேன். எந்தச் சக்கரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

எனக்கு வீட்டு முன்பக்கமே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் விட்டதைச் சாமி காரியத்தில் பிடித்துவிடவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஆகவே எங்கள் வீட்டு வரிசையில் எது செய்யலாம், எது கூடாது என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலும் ஆயுத பூசை வந்துவிட்டால் என்னைப் பிடிக்க முடியாது. சாமான்களைச் சரஸ்வதி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை போடும்வரை ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாது. ஸ்பானர் ஆனாலும் சரி, ஊசி ஆனாலும் சரி. வருஷம் முழுக்க நமக்கு உழைக்கிற சாமானுக்கு ஒரு நாள் ஓய்வு. இதை இன்றைக்கும் நான் நம்புகிறேன், செய்கிறேன்.

முந்திய வருஷம் பக்கத்து வீட்டு மண்டோர் பூசை முடிந்த சாயங்காலம் கத்தியால் ஒரு வாழையிலையை அறுத்துவிட்டார். சடக்கு, அதாவது ரோடு, போடும் கூலிகளை மேய்க்கிற மண்டோர் அவர். பெரிய குரல், பெரிய மீசை. அவரைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி நான் ஒரு பிரசங்கமே செய்தேன். கேட்டுக்கொண்டு பேசாமல் போனார். அப்படிப் பேசாமல் போகிறவர்கள் மறப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் பூசையை என் வாசலில் எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டோம். கடையில் இருந்த பலகைகளை எல்லாம் அடுக்கி ஓலைத் தாழ்வாரத்துக்கு அடியில் மேடை கட்டினேன். அதன்மேல் சரஸ்வதி படம், என் ஸ்பானர்கள், காற்றடிக்கும் பம்பு, ஜாக்கி, சங்கிலி, கயிறு. என் மனைவி தையல் இயந்திரத்தோடு அரிவாள்மனையையும் அகப்பையையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ராத்திரிக்கும் சேர்த்து மத்தியானமே சமைத்தாயிற்று. தச்சு வேலை செய்கிற எதிர்வீட்டுக்காரர் ரம்பம், உளி, சுத்தியல் கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளிப் புத்தகங்களை ஒன்று விடாமல் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஒரு நாள் பக்தியில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

மண்டோர் கொண்டுவந்தது ஒரு மண்வெட்டி. நல்ல மண்வெட்டி. பிடி வழவழவென்று, தகடு வெள்ளி மாதிரி தேய்ந்து. அதை நடுவில் வைக்கவேண்டும் என்றார். சடக்குப் போடுகிறவர் மண்வெட்டிக்கு நடு இடம் கேட்பது நியாயந்தானே என்று வைத்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன்.

மைத்துனன் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் பூமாலை வாங்கிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினான். துரை பூசைக்கு விட்டிருந்தார். ராத்திரி விருந்துக்குப் போகவேண்டும், இருட்டுவதற்குள் காடி பங்களா வாசலில் நிற்கவேண்டும் என்று சொல்லி விட்டிருந்தார். எங்கள் வாசல் சடக்கைவிடத் தாழ்வு. களிமண் பூமி. சடக்கோரத்திலேயே நிறுத்து மாப்பிள்ளை, பூசையை அங்கே வந்து செய்கிறேன் என்றேன்.

"சடக்கோரத்துல நிறுத்த இது என்ன மாட்டு வண்டியா? நாலும் இழுக்கும் மச்சான்" என்று சரிவில் இறக்கி, வாசலைத் தாண்டி, எங்களுக்கும் பக்கத்துக் கீரைப் பாத்திகளுக்கும் நடுவே ஓடும் சின்னக் கால்வாயை ஒட்டி, சரஸ்வதிக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவனும் மெதுவாகத்தான் இறங்கினான்.

பூசை நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மலாக்காவில் அந்த மாதத்தில் சாயங்கால மழை வருவது சூரியன் உதிப்பதைப்போல நிச்சயம். ஆனாலும் வருஷாவருஷம் நாங்கள் ஆச்சரியப்படுவோம். ஓலைத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு பூசையை முடித்தோம். மழை விட்டதும் ஜீப்புக்கு நீர் தெளித்து, பானெட்டில் பட்டை போட்டு, இரண்டு விளக்குக்கும் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். கண் திருஷ்டிக்குப் பூசணிக்காயில் குங்குமம் நிரப்பி முன்சக்கரத்தின் எதிரே உடைத்தோம். அது சதையும் விதையுமாகச் சேற்றோடு கலந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். வழுக்குவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் பக்தியோடு செய்து முடித்தோம்.

மைத்துனன் சாமி கும்பிட்டு ஏறி உட்கார்ந்தான். ஜீப் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பியது. சரிவில் பாதி ஏறியது. அங்கேயே கொஞ்சம் யோசித்தது. பிறகு வந்த வழியே பின்னால் சறுக்கி, பக்கவாட்டில் திரும்பி, பின்பக்கம் கால்வாய்க்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல" என்றான் மைத்துனன். "இன்னும் நாலையும் போடல. இப்பப் போடுறேன் பாருங்க."

காலடியில் இருந்த ஒரு கம்பியைத் தள்ளினான். நாலு சக்கரமும் ஒன்றுபோலச் சுற்றின. ஒன்றுபோலச் சேற்றை வாரி எங்கள் வேட்டிகளில் இறைத்தன. ஒன்றுபோலப் புதைந்தன. ஒற்றுமையைப் பற்றி அந்த வருஷம் எத்தனையோ பேச்சுக் கேட்டேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மண்டோர் உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டார். சடக்கில் நின்றபடி, வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு படாமல், தள்ளு என்றார். தள்ளினோம். இன்னும் தள்ளு என்றார். சக்கரத்துக்கு அடியில் ஏதாவது போடு என்றார். பலகை போடலாம், பலகை எல்லாம் சரஸ்வதிக்குக் கீழே இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கலாம். ஜாக்கிக்குச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. கயிறு கட்டி இழுக்கலாம். கயிற்றின்மேல் பூ இருந்தது. கடைசியில் ஜீப்பில் கட்டியிருந்த வாழைக்கன்றுகளையே அவிழ்த்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தோம். வாழைமட்டையைப்போல வழுக்குகிற வஸ்து உலகத்தில் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வைத்தோம். ஜீப் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

பிறகு கையாலேயே தோண்டினோம். நானும் தச்சரும் முழங்கால் போட்டு, பூசைக்கு உடைத்த தேங்காய் மூடிகளால் சேற்றை வழித்தோம். ஒரு மூடி சேற்றை எடுத்தால் இரண்டு மூடி சேறு உள்ளே வந்தது. மேற்கே, தெங்கேரா பக்கம், வானம் சிவக்க ஆரம்பித்தது.

மைத்துனன் ஸ்டேரிங்கை விட்டு இறங்கி வந்தான். அதுவரை இருந்த டிரைவர் இறங்கவில்லை. காடி கழுவுகிறவன்தான் இறங்கி வந்தான்.

"மச்சான், ஒரு மம்பட்டி இருந்தா வாய்க்காலை வெட்டி விட்டு எடுத்துடலாம்."

எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி மேடையைப் பார்த்தார்கள். நடு இடத்தில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், மாலை போட்டுக்கொண்டு அந்த மண்வெட்டி பளபளவென்று இருந்தது.

"எடுக்கலாம்" என்றார் மண்டோர் சடக்கில் இருந்து. ஒரு வருஷமாகக் காத்திருந்த குரல். "சாமி சொன்னா எடுக்கலாம். சாமின்னா அந்தச் சாமி இல்ல, நம்ம சைக்கிள் கடைச் சாமி. போன வருசம் ஒரு எலைக்கே எவ்வளவு பெரிய பாவம்னு சொன்னாரு."

"பூசையில வச்சதை எடுக்கக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அப்ப ஜீப்பு? அதுக்கும்தானே பூசை போட்டீங்க? அது மட்டும் ஓடலாமா?" என்றார் தச்சர்.

"அது எலுமிச்சம்பழத்து மேல ஏறிடுச்சு. ஏறிட்டா உத்தரவு ஆன மாதிரி."

"சரியாப் போச்சு. மம்பட்டிக்கு அடியிலயும் ஒரு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குங்க. உத்தரவு ஆயிடும்" என்றார் மண்டோர்.

என் மனைவி சிரிக்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, இவன் வேலை போகட்டும்னா அந்தத் தாயி அங்க உக்காந்திருக்கா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கைவிரல்களில் சேறு சொட்ட அப்படியே நின்றேன். அன்று எனக்குள் இருந்தது பாதி பக்தி. மீதிப் பாதி, மண்டோர் முன்னால் தோற்கக்கூடாது என்பது. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, ஒரு வழி தோன்றியது.

"நம்ம மம்பட்டிதானே பூசையில இருக்கு? பக்கத்துத் தவுக்கேகிட்ட ஒண்ணு இருக்குமே. அவருக்கு நம்ம பூசை கெடையாது. அதை வாங்கி வெட்டுவோம்."

கால்வாய்க்கு அந்தப் பக்கம் கீரையும் வெள்ளரியும் போட்டிருந்த சீனரைத்தான் சொன்னேன். தவுக்கே என்றால் முதலாளி; இவரைக் கீரைத் தவுக்கே என்று கூப்பிடுவோம். எல்லாரும் சரி என்றார்கள். ஆனால் அதுவரை இடி மாதிரி பேசிக்கொண்டிருந்த மண்டோரின் மீசை சட்டென்று கீழே இறங்கிவிட்டது.

"அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்றார். "தூங்குவாரு."

"இந்நேரத்துக்கா?"

"அவருகிட்ட மம்பட்டி இருக்காது."

"கீரை போடுறவருகிட்ட மம்பட்டி இருக்காதா? எங்க போயிருக்கும்?"

மண்டோர் பதில் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. கீரைத் தவுக்கேயே முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே நடந்து வந்தார். ஜீப் கால்வாயை அடைத்துக்கொண்டதால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் அவருடைய பாத்திகளில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஜீப்பைப் பார்க்கவில்லை. நேரே மண்டோரைப் பார்த்து மலாயில் கேட்டார்.

"என் மண்வெட்டி எங்கே? காலையில் ஒரு சின்ன வேலை என்று வாங்கிக்கொண்டு போனாயே. வேலை முடிந்ததா இல்லையா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மண்டோரின் ஆட்கள் வெட்டுகிற மண்வெட்டிகள் எல்லாம் சர்க்கார் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தன. சொந்தமாக அவரிடம் இருந்தது ஒரு விசில்தான். ஊரெல்லாம் ஆயுதம் வைக்கும்போது சடக்கு மண்டோர் விசிலைக் கொண்டுவந்து வைக்க முடியுமா? ஆகவே இரவல் வாங்கி நடு இடத்தில் வைத்துவிட்டார். நானும் சந்தனம் அப்பிவிட்டேன். அந்த மண்வெட்டி தினமும் கிளறுவது பன்றி எரு என்பது காற்று எங்கள் பக்கம் வீசுகிற நாளெல்லாம் வரிசைக்கே தெரிந்த விஷயம். ஆசாரத்தைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசிய எனக்கு அந்தத் தாய் வைத்திருந்த பிரசாதம் இது.

தச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு என் மனைவி. அந்த நிலையிலும் மைத்துனன் சிரித்தான். மண்டோர் மாத்திரம் சடக்கில் போகாத வண்டி எதையோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீரைத் தவுக்கே மேடைக்குப் பக்கத்தில் வந்து தன் மண்வெட்டியைப் பார்த்தார். அதற்குப் பொட்டும் மாலையும் போட்டு ஊதுவத்தி கொளுத்தியிருப்பதை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. கோபம் வருமென்று எதிர்பார்த்தேன். அவர் தலையில் இருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றினார்.

"எடுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

அவருடைய சொந்தச் சாமானுக்கு என்னிடம் உத்தரவு கேட்டார். அரை நாழிகையாக நான் கட்டிக்கொண்டு அழுத சட்டம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தாயே, உடையவர் கேட்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக் கும்பிட்டு, மண்வெட்டியின்மேல் இருந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்தேன். "எடுத்துக்குங்க தவுக்கே" என்றேன். விளக்கு அணையவில்லை. இடி விழவில்லை. மண்டோர் வேண்டுமானால் எதிர்பார்த்திருக்கலாம்.

தவுக்கே சந்தனத்தைத் துடைக்காமலே கால்வாயில் இறங்கினார். ஜீப்பின் பின்னால் ஒரு வெட்டு வெட்டினார்; தேங்கின தண்ணீர் சளசளவென்று கீழ்ப்பக்கம் ஓடியது. சக்கரங்களுக்கு முன்னால் மண்ணைச் சரிவாகச் சீவினார். நாங்கள் தேங்காய் உரித்த மட்டைகளைப் பொறுக்கிவந்து அடுக்கினோம். மண்டோருக்கு மனசு கேட்கவில்லை. முதல் தடவையாகச் சேற்றில் இறங்கி வந்து கையை நீட்டினார்.

"கொஞ்சம் குடு தவுக்கே, நான் ரெண்டு வெட்டு வெட்டுறேன்."

தவுக்கே கொடுக்கவில்லை. "உனக்கு இன்றைக்குச் சாமி" என்றார் மலாயில். "நீ தொடக்கூடாது."

மைத்துனன் ஏறினான். நாங்கள் எல்லாரும், மண்டோரும் சேர்ந்து, பின்னால் தோளைக் கொடுத்தோம். ஜீப் மட்டைகளைக் கடித்துக்கொண்டு உறுமி, ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் இழுத்து, மண்டோரின் வேட்டிக்குப் போதுமான மரியாதை செய்துவிட்டு, சடக்கில் ஏறியது. அவன் நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. செங் போகும் பக்கம் வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. என் மனைவி மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் மறுபூசைக்கு எல்லாவற்றையும் தயார் செய்தேன். மேடையில் மண்வெட்டி இருந்த இடம் காலி. சுற்றிலும் பூ, நடுவில் வெறும் பலகை. அந்தக் காலி இடத்தைப் பார்க்க எனக்கு என்னவோபோல இருந்தது. அங்கே ஒரு ஸ்பானரை நகர்த்தி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மைத்துனன் நடந்து வந்தான். காலையில் துரை தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க நடந்தே போவார், காடி வேண்டாம் என்று விட்டுவிட்டாராம்.

"என்ன ஆச்சு?" என்று அவன் அக்காள் கேட்டாள்.

"வாசல்லயே நின்னாரு. காடியை ஒரு சுத்துச் சுத்தி வந்து பாத்தாரு. கூரை வரைக்கும் சேறு, வெளக்குல குங்குமம், மட்காட்டுல வாழமட்டை. என்னான்னாரு. சாமி கும்பிட்டோம் துரைன்னேன். எங்கயாவது சிக்குச்சான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நாலு சக்கரமும் இழுக்குற காடி துரை, எப்படிச் சிக்கும்னேன். குட் அப்படின்னுட்டுப் போயிட்டாரு. ராத்திரி விருந்துக்கும் நான்தான் கொண்டுபோனேன், கழுவிட்டு." சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். "உள்ளதைச் சொல்லணும்னா அது சிக்கல மச்சான். நின்னுச்சு. எடம் சரியில்ல."

அப்போது கால்வாயைத் தாண்டிக் கீரைத் தவுக்கே வந்தார். தோளில் மண்வெட்டி. எங்கள் பூசை இன்னும் முடியவில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். மண்டோர்தான் என்று நினைக்கிறேன், அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தவுக்கே மண்வெட்டியை நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார். பிடிக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார். மேடையில் காலியாக இருந்த நடு இடத்தில் அவரே அதை வைத்தார். நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

உங்களுக்கு இன்றைக்கு வேலை கெடுமே என்று கேட்டேன்.

"தக் ஆபா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மைத்துனன் பக்கத்தில் போய் நின்றார்.

புதிதாகச் சந்தனம் கரைத்து மண்வெட்டிக்கு வைத்தேன். பிறகு கற்பூரம் ஏற்றினேன். சரஸ்வதிக்குக் காட்டி முடித்ததும் தட்டு என் கையில் தானாக அந்த மண்வெட்டிப் பக்கம் போயிற்று. எரு வாசனை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. மண்டோர் பின்னால் இருந்து ஏதோ சொன்னார். கை மணியை அடித்துக்கொண்டிருந்ததால் எனக்குக் காதில் விழவில்லை.